மலைச்சரிவில் பொருத்து வீடு: செலவு எங்கே ஏறுகிறது

"பெனல் வீடு போட்டால் சதுர அடி எவ்வளவு போகும்?" ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் வீடு கட்ட யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து நூற்றுக்கணக்கான உயிர்கள் போன பிறகு, சீக்கிரம் எழும்பும் வீடு என்ற பேச்சு லயங்களிலும் டவுனிலும் இன்னும் கூடியிருக்கிறது. தொழிற்சாலையில் செய்த சுவர்ப் பலகைகளை, அதாவது பெனல்களை, லொறியில் கொண்டுவந்து, சில நாட்களில் நிறுத்தி, கூரையும் போட்டுவிடலாம் என்பது வீடில்லாதவருக்கு ஆறுதலான செய்தி. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சதுர அடி விலையை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால், மலையகத்தில் வீடு பாதியில் நிற்கும். இங்கே பணத்தின் பெரிய பங்கு சுவருக்குக் கீழேயும் பின்னாலும் போகிறது: வெட்டுகிற மண், தடுப்புச்சுவர், மழைநீர் ஓடும் கான், பொருள் வந்து சேரும் பாதை.

இதற்குக் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கு, பயனாளி ஒருவருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. அதே திட்டம் 2016இல் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4000 வீடுகளைத் தொடங்கியபோது ஒதுக்கிய தொகை 9 இலட்சத்து 50 ஆயிரம். வீட்டின் அளவு இரண்டு இடத்திலும் சுமார் 550 சதுர அடிதான். இடையில் சில ஆண்டுகள் போயிருந்தன, விலைவாசியும் ஏறியிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் மீதமிருப்பது பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் கணிசமான பங்கு மலையினுடையது. அடுத்து வந்த 10,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கான தொகை 28 இலட்சமாக உயர்த்தப்பட்டது. 2022 நெருக்கடியில் 50 கிலோ சீமெந்து மூட்டை 3000 ரூபாயைத் தொட்டதை நினைத்தால் இந்த ஏற்றம் புரியும்.

பொருத்து வீடு என்ற சொல்லே நம் நாட்டுத் தமிழருக்கு ஒரு சண்டையோடுதான் அறிமுகமானது. 2016 வாக்கில் ஆர்சிலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு வடக்கு, கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் போட அரசு முனைந்தது. யாழ்ப்பாணம் உடுவிலில் மாதிரி வீடுகளையும் நிறுத்திக் காட்டினார்கள். ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் அளவில் விலை சொல்லப்பட்டது. அந்தக் காசில் இரண்டு கல் வீடு கட்டலாமே என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்டார்கள். வெக்கை, அத்திவாரத்தின் உறுதி, எத்தனை வருடம் தாங்கும், ஊர் மேசன்மாருக்கு வேலை கிடைக்காது என்று எதிர்ப்பு வலுத்து, திட்டம் அந்த வடிவில் நடக்காமல் போனது. அந்த வாதங்களை அப்படியே மலைக்குக் கொண்டுவர முடியாது. யாழ்ப்பாணத்தில் வெப்பத்தை அடைத்துவைக்கும் சுவர் குறை. நுவரெலியாவில், கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் இடத்தில், வெப்பத்தை உள்ளே வைத்திருக்கும் சுவர் ஒரு வரம். ஆனால் விலை பற்றி அன்று எழுந்த கேள்வி இன்றும் இங்கே பொருந்தும்: கொடுக்கிற காசில் எவ்வளவு வீடாகிறது, எவ்வளவு வேறெங்கோ போகிறது?

பெனல் என்ற பெயரில் இப்போது பல சாமான்கள் விற்கிறார்கள். இரண்டு பக்கமும் உருக்குத் தகடு, நடுவில் நுரை வைத்த வகை ஒன்று. குளிர்களஞ்சியத்துக்கும் கட்டட வேலைத்தள அலுவலகத்துக்கும் அது போதும். குடும்பம் வாழும் வீட்டுக்கு, அதுவும் விறகடுப்பு எரியும் வீட்டுக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய உருக்குச் சட்டகம் நிறுத்தி அதன்மேல் சீமெந்துப் பலகை அடிக்கும் முறை இன்னொன்று. வலைக்கம்பி போட்ட நுரைப் பலகையை நிறுத்தி இரண்டு பக்கமும் கொங்கிறீட் பூசும் முறையும் உண்டு. அது பலமானது, ஆனால் மணலும் சீமெந்தும் மலைக்கு ஏறத்தான் வேண்டும், அதனால் மலையில் அதன் லாபம் பாதியாகிவிடும். வீடுகளுக்கு அதிகம் பேசப்படுவது நுரைமணி (ரெஜிபோம் உருண்டை) கலந்த இலேசான கொங்கிறீட்டை இரண்டு சீமெந்துப் பலகைகளுக்கு நடுவில் ஊற்றிச் செய்த வகை. மொறட்டுவைப் பல்கலைக்கழகக் குடிசார் பொறியியல் துறையினர் இந்த வகையை இலங்கைச் சூழலில் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் கணக்குகள் இதை வைத்தே.

இதன் வழக்கமான அளவு 2 அடி அகலம், 8 அடி நீளம். கனம் 75 அல்லது 100 மில்லிமீற்றர். 75 மில்லிமீற்றர் பலகை ஒன்று 70 முதல் 75 கிலோ வரை இருக்கும். இரண்டு பேர் தூக்கலாம். மலைக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதை எடை கணக்கில் பார்த்தால் தெளிவாகும். 550 சதுர அடி வீட்டுக்கு உள்சுவரும் வெளிச்சுவருமாகச் சேர்த்து ஏறத்தாழ 100 சதுர மீற்றர் சுவர் வரும். 6 அங்குல புளொக் கல்லில் கட்டி இரண்டு பக்கமும் பூசினால் சதுர மீற்றருக்கு 250 முதல் 300 கிலோ. மொத்தம் 25 முதல் 30 தொன். அதே சுவர் பெனலில் 5 அல்லது 6 தொன்தான். அந்த வித்தியாசம் முழுவதும் யாரோ ஒருவர் மலைமேல் ஏற்றவேண்டிய சுமை.

ஏற்றுவது என்பது மலையகத்தில் தனிச் செலவு. கொழும்பிலிருந்து கடுகண்ணாவை, றம்பொடை வளைவுகளைத் தாண்டி, அல்லது கினிகத்தேனை வழியாக, டவுன் வரைக்கும் கன்டர் லொறி வந்துவிடும். அதற்கு மேல் தோட்டத்துப் பாதை. பல இடங்களில் பட்டா எனும் சின்ன லொறிதான் ஏறும், மழைக்காலத்தில் அதுவும் சறுக்கும். பட்டாவில் ஒரு நடைக்குப் பத்துப் பெனலுக்கு மேல் வைக்க முடியாது. 75 பெனல் என்றால் எட்டு நடை. கல், மணல், சீமெந்து என்றால் அதே வீட்டுச் சுவருக்கு 33 நடைக்குக் குறையாது. பாதை முடிந்து படிக்கட்டில் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் இடங்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். மணலை அப்படிச் சுமக்கக் கூலி கொடுத்தவர்களுக்கு இது தெரியும். ஒரு எச்சரிக்கை: பெனலைப் படுக்கவைத்து ஏற்றினால் குழிப் பாதையில் வெடித்துவிடும். ஓரத்தில் நிறுத்தி, இடையில் சாக்கு வைத்து, இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டாவின் பெட்டி பெனலைவிடக் குட்டை என்பதால் பின்னால் நீட்டிக்கொண்டு வரும். வழியில் உடைவதற்காக நூற்றுக்கு ஐந்து பெனலாவது கூடுதலாக வாங்குவது நல்லது. ஒரு பெனல் குறைந்ததற்காகக் கொழும்பிலிருந்து மறுபடி லொறி வரவழைப்பது எந்த மிச்சத்தையும் தின்றுவிடும்.

சரி, இப்போது நிலத்துக்கு வருவோம். வீடு கட்டுகிறவர் அதிக நேரம் செலவிடவேண்டிய இடமும் இதுதான்.

தோட்டத்தில் கிடைக்கும் 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1900 சதுர அடி. சமநிலத்தில் அது போதுமான இடம். 20 பாகைச் சரிவில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு 10 அடி உள்ளே போகும்போதும் நிலம் 3 அடி 8 அங்குலம் உயர்கிறது. 24 அடி ஆழமுள்ள சதுர வீட்டுக்குத் தரை சமப்படுத்தினால், முழுக்க வெட்டியெடுக்கும்போது பின்பக்கம் கிட்டத்தட்ட 9 அடி மண்சுவர் நிற்கும். அதே பரப்பை 16 அடி ஆழம், 34 அடி நீளம் என்று சரிவுக்குக் குறுக்காக, தேயிலை வரிசை போகிற மாதிரி நீட்டிப் போட்டால் பின்வெட்டு 6 அடிக்குள் அடங்கும்.

3 அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். கருங்கல் தடுப்புச்சுவரின் கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. தன் எடையாலேயே மண்ணைத் தாங்கும் சுவருக்கு அடியகலம் உயரத்தில் பாதிக்கு மேல் வேண்டும். உயரம் கூடும்போது அகலமும் கூடுகிறது. எனவே உயரம் இரட்டித்தால் கல்லும் சாந்தும் நான்கு மடங்கு. 9 அடிச் சுவருக்கு ஓர் அடி நீளத்துக்குப் போகும் கல், 6 அடிச் சுவருக்குப் போவதைவிட இரண்டே கால் மடங்கு. நீட்டிப் போட்ட வீட்டுக்குச் சுவரின் நீளம் கூடுகிறது என்பதையும் சேர்த்தால்கூட, சதுர வீட்டுக்கு ஒன்றரை மடங்கு கல் வேண்டியிருக்கிறது. வரைபடத் தாளில் ஒரு கோட்டை மாற்றுவதால் கிடைக்கும் இந்த மிச்சம், எந்த பெனல் கம்பெனி தரும் கழிவையும்விடப் பெரியது. 2 அடி அகலப் பெனலுக்கு 16, 34 இரண்டும் இரட்டை எண்கள் என்பதால் வெட்டுக் கழிவும் குறையும்.

பெனலின் இலேசான எடை இங்கே இன்னொரு கதவைத் திறக்கிறது. முழுவதும் வெட்டாமல், பின்பாதியை மட்டும் கொஞ்சம் வெட்டி, முன்பாதியைக் கொங்கிறீட் தூண்களில் நிறுத்தி, உருக்குச் சட்டகத்தின்மேல் தரை போடலாம். 30 தொன் கல் சுவரை அப்படித் தூணில் ஏற்ற யாரும் துணிய மாட்டார்கள். 6 தொன் பெனலை ஏற்றலாம். வெட்டிய மண்ணை முன்னுக்குத் தள்ளி நிரப்பி அதன்மேல் வீடு வைப்பதுதான் மலையில் செய்யக்கூடாத வேலை. நிரப்பிய மண் இரண்டு மழைக்காலத்தில் இறங்கும், தரை வெடிக்கும். தூணில் நிறுத்தும்போது அந்த நிரப்பே தேவையில்லை. இதற்குக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரின் வரைபடம் கட்டாயம். அவருக்குக் கொடுக்கும் காசை வீண் செலவென்று நினைப்பவர்கள் அதைப்போல் பல மடங்கைக் கல்லிலும் மண்ணிலும் கொட்டுவதைப் பார்க்கிறோம்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டியது, அந்த இடத்தில் வீடு வைக்கலாமா என்பது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். 2011 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. அவர்கள் வந்து சரிவையும் மண்ணையும் நீரோட்டத்தையும் பார்த்து, கட்டலாம், நிபந்தனையோடு கட்டலாம், வேண்டாம் என்று எழுதித் தருகிறார்கள். இலேசான வீடு என்பதால் மண்சரிவுக்குத் தப்பும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது லயன் வரிசைகள் முழுதாகப் புதைந்தன. அந்த வேகத்தின் முன் கல் சுவரும் ஒன்றுதான், பெனல் சுவரும் ஒன்றுதான். அறிக்கையில் நிபந்தனைகள் இருந்தால், அவை ஒவ்வொன்றும் ஒரு செலவுத் தலைப்பு. "மேற்புறம் வெட்டுக்கான் அமைக்க வேண்டும்" என்ற ஒரு வரி, கானின் நீளத்தைப் பொறுத்து, ஓர் அறையின் விலையைத் தின்னலாம். எனவே அறிக்கை கையில் வருமுன் எந்த கம்பெனிக்கும் முற்பணம் கொடுக்கக்கூடாது.

தோட்டக் காணி என்றால், பெருந்தோட்டக் கம்பெனிகள் அரசிடம் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலம் அது. உறுதிப்பத்திரம் கையில் இல்லாதவர்கள் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல ஒப்புதலோடுதான் தொடங்க முடியும். பிரதேச சபையின் அனுமதியும், கட்டி முடிந்த பின் இணக்கச் சான்றிதழும் வேண்டும். உறுதி இல்லாத காணிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். பலருக்குக் கையில் இருக்கும் ஒரே பெரிய தொகை ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். பத்து வருடப் பங்களிப்பும் மூன்று இலட்சத்துக்குக் குறையாத நிலுவையும் இருந்தால், அதிலிருந்து நூற்றுக்கு 30 வரை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கான காசு அது. அதை எடுக்கிறவர் வீடு முழுதாக முடியும் என்ற உறுதியோடு எடுக்க வேண்டும். அரைகுறைச் சுவருக்கு முன்னால் அந்தச் சேமிப்பு கரைந்துபோவதைப்போல வேதனை வேறில்லை.

இனி விலை. இன்றைய சதுர அடி விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதம் அது பொய்யாகும். அதனால் முழு வீட்டின் செலவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரச் சரிவில் 550 சதுர அடி வீடு, சாதாரண முடிப்பு. மண்வேலை, தடுப்புச்சுவர், கான், அத்திவாரம் எல்லாவற்றுக்கும் 30 ரூபாய். சுவருக்கு 20. கூரையும் சீலிங்கும் 16. கதவு, ஜன்னல் 10. தண்ணீர்க் குழாய், மலசலகூடம், குழி 9. மின்சாரம் 5. தரை, பெயின்ட் 10. இது பிடிபடுவதற்கான ஒரு மாதிரிதான், சரிவு கூடினால் முதல் எண் 40க்கும் போகும்.

இந்த மாதிரியில் பெனல் தொடுவது பெரும்பாலும் அந்த 20 ரூபாயைத்தான். கல் சுவரைவிட பெனல் கால்வாசி மலிவு என்றே வைத்துக்கொண்டாலும், முழு வீட்டில் மிச்சம் 5 ரூபாய். பல இடங்களில் அந்தக் கால்வாசியும் கிடைக்காது. ஊரில் வார்த்த புளொக் கல்லின் விலைக்கு ஏறத்தாழச் சமமாகவே பெனல் வந்து நிற்கும். அப்போ லாபம் எங்கே? சுமை குறைவதில், தூண் அத்திவாரத்துக்கு இடம் கிடைப்பதில், சுவர் வேலை மாதக்கணக்கிலிருந்து ஓரிரு வாரத்துக்குச் சுருங்குவதில். இந்த மூன்றையும் பயன்படுத்தாமல், வழக்கம்போல மலையை வெட்டி, வழக்கம்போலப் பெரிய அத்திவாரம் போட்டு, அதன்மேல் பெனலை நிறுத்துகிறவர் புதுமைக்குக் காசு கொடுத்து லாபத்தை விட்டுவிடுகிறார்.

கொட்டேஷன் வாங்கும்போது சதுர அடி விலை எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்க்க வேண்டும். 1000 சதுர அடிக்குச் சொன்ன விலையை 550க்குப் பெருக்க முடியாது. சின்ன வீட்டுக்கும் ஒரு மலசலகூடம், ஒரு சமையலறை, ஒரு மீற்றர் பெட்டி வேண்டும். பரப்பைப் பார்க்கச் சுவரின் விகிதமும் சின்ன வீட்டில் அதிகம். தாழ்வாரத்தையும் கூரை நீட்டத்தையும் முழு விலையில் பரப்பில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். விலைக்குள் 18 வீத பெறுமதி சேர் வரி இருக்கிறதா? போக்குவரத்து டவுன் வரையா, காணி வரையா? அத்திவாரம் யார் பொறுப்பு? பெரும்பாலான கம்பெனிகள் "அத்திவாரம் வாடிக்கையாளர் தயார் செய்யவேண்டும்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். 100 ரூபாயில் 30ஐ அந்த ஒற்றை வரி உங்கள் தலையில் வைக்கிறது. அதைப் படித்த பிறகு அவர்கள் சொன்ன சதுர அடி விலையைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

நான் சொல்வது, ஒரே தொகையாக விலை கேட்காமல் பி.ஓ.கியூ எனும் அளவு, விலைப் பட்டியல் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அளவும் அலகு விலையும் தனித்தனியாக. மண்வெட்டுக்குக் கியூபுக்கு (100 கன அடிக்கு) எவ்வளவு, இடையில் பாறை வந்தால் எவ்வளவு, தடுப்புச்சுவர் கூடினால் கியூபுக்கு எவ்வளவு, என்பதை வேலை தொடங்குமுன்னே எழுதி வாங்க வேண்டும். மலையில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று வெட்டும்வரை யாருக்கும் தெரியாது. பாறை தட்டுப்பட்ட பிறகு விலை பேசினால், பேசும் பலம் உங்களிடம் இருக்காது. எதிர்பாராச் செலவுக்கென்று சமநிலத்தில் நூற்றுக்குப் பத்து ஒதுக்கினால், சரிவில் 15 முதல் 20 வரை ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் வீட்டைச் சின்னதாக்குவதே நல்லது, பிறகு நீட்டிக்கொள்ளலாம்.

முற்பணத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். பலகை தொழிற்சாலையிலிருந்து புறப்படுமுன்னே பாதிக்கு மேல் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். முற்பணத்தைக் கால்வாசிக்குள் நிறுத்தப் பேச வேண்டும். அடுத்த தவணை பெனல் உங்கள் காணியில் இறங்கி எண்ணிப் பார்த்த பிறகு, அதற்கடுத்தது சுவர் நின்று கூரை ஏறிய பிறகு, கடைசியில் ஒரு பங்கு ஒரு மழைக்காலம் முடிந்து ஒழுக்கு இல்லையென்று பார்த்த பிறகு. எல்லாக் கம்பெனியும் இதற்கு ஒத்துவராது. ஒத்துவருகிற கம்பெனி தன் வேலையை நம்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தை முடிவு செய்யும்போது இன்னும் சில. கல் சுவரில் மேசன் பாஸ் இரண்டு அங்குலப் பிழையைச் சாந்தில் சரிக்கட்டுவார். தொழிற்சாலையில் வெட்டி வந்த பெனலில் அது முடியாது. தரையின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று நாடா பிடித்து, நீர்மட்டக் குழாய் வைத்து மட்டம் பார்த்து, அதன் பிறகே பெனலுக்கு நாள் குறிக்க வேண்டும். கூரையைத் தாங்குவது பெனலா, சட்டகமா என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகள் பெரிதானால் மேலே ஸ்லாப் போடலாம் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. பெனல் சுவரின்மேல் அது நடக்காது. அப்படி ஆசை இருந்தால் தூணும் பீமும் ஆரம்பத்திலேயே அதற்கேற்றபடி கணித்துப் போட வேண்டும், செலவும் ஏறும். பக்கவாட்டில் நீட்டுவது எளிது. நீட்டவிருக்கும் பக்கத்தின் கடைசிச் சுவரில் ஜன்னலையோ குழாயையோ வைக்காமல் விட்டால் போதும். மின்சார வயர் போகும் வழி, சாமித் தட்டு, டிவி, தண்ணீர்த் தொட்டி மாட்டும் இடம் எல்லாவற்றையும் முன்பே குறித்துக் கொடுத்தால் அங்கே உள்ளே வலுப்பலகை வைத்துத் தருவார்கள்.

சமையலறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காஸ் விலை ஏறியபோதெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மிலாறு விறகுதான் நம் அடுப்பைக் காப்பாற்றியது. நுரை 100 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். நுரைமணி கொங்கிறீட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பெனல் சட்டென்று தீப்பிடிக்காது. ஆனாலும் அன்றாடம் அனல் படும் சுவருக்கு அதை வைக்கக்கூடாது. அடுப்படிப் பக்கச் சுவரை மட்டும் செங்கல்லிலோ புளொக் கல்லிலோ கட்டி, புகைபோக்கி வைப்பது பெரிய செலவல்ல. அந்த ஒரு சுவரைக் கம்பெனியின் வரைபடத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் மழை சாதாரணம். பெனல் சுவருக்கு எதிரி அந்த மழை தெறிக்கும் அடிப்பகுதியும், இரண்டு பெனல் சேரும் மூட்டும். தரையிலிருந்து 6 அங்குலமாவது கொங்கிறீட் விளிம்பு எழுப்பி அதன்மேல் பெனல் நிற்க வேண்டும். கூரை இரண்டரை அடியாவது வெளியே நீள வேண்டும். மூட்டில் வலைநாடா ஒட்டி, வெளிப்பக்கம் நீர்தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும். இந்தப் பூச்சைச் சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் எழுதுங்கள். கூரைத் தகட்டுக்கு அடியில் வெப்பக்காப்பும் சீலிங்கும் இல்லையென்றால், சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ராக்குளிரில் தகடு வேர்த்துச் சொட்டும். இலேசான வீடு என்பதால் காற்றுக்கும் பயப்பட வேண்டும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன், ஜூலைக் காற்றில் கூரை பறப்பது புதிதல்ல. தகடு மரத்தோடும், மரம் சட்டகத்தோடும், சட்டகம் அத்திவாரத்தோடும் ஆணிபோல்ட்டால் பிணைந்திருக்கிறதா என்று கூரை மூடுமுன் நீங்களே ஏறிப் பாருங்கள்.

கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் விலையின் பகுதிதான். கூரை நீட்டத்தையும் சேர்த்து 75 சதுர மீற்றர் என்றால், 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் நாளில் 7500 லீற்றர் தண்ணீர் அந்த ஒரு கூரையிலிருந்து இறங்கும். பீலி போட்டு, குழாயில் இறக்கி, சீமெந்துக் கானில் இயற்கை நீரோடை வரை கொண்டுபோகாவிட்டால், அது உங்கள் அத்திவாரத்துக்குள்ளும் கீழ்வீட்டுக்காரரின் பின்சுவருக்குள்ளும் போகும். மலசலகூடக் குழியின் இடமும் இப்படித்தான். குழியைத் தடுப்புச்சுவருக்கு மேலே வைத்தால் சுவருக்குப் பின்னால் நிரந்தரமாக ஈரம் சேரும். தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளைகளும் அவற்றின் பின்னால் சல்லியும் இருக்க வேண்டும். இதைக் கொட்டேஷனில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன், எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.

வேலையாட்கள் பற்றிய கவலை தேவைக்கு மேல் பேசப்படுகிறது. கொழும்பில் கட்டடத் தளங்களில் சீலிங்கும் பார்டிஷனும் அடித்த பையன்கள் நம் தோட்டங்களில் நிறையவே இருக்கிறார்கள். பெனல் நிறுத்துவது அவர்களுக்குப் பழக்கமான வேலைக்கு அடுத்த வீட்டு வேலை. கம்பெனியின் ஆட்களோடு நம் பையன்கள் இருவரைச் சேர்க்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேட்டால், கூலியும் ஊரில் நிற்கும், நாளைக்கு மூட்டு வெடித்தால் திருத்தவும் ஆள் இருக்கும்.

கடைசியாக நாட்காட்டி. சுவர் இரண்டு வாரத்தில் நின்றாலும், அனுமதி, மண்வேலை, அத்திவாரம், முடிப்பு எல்லாம் பழைய வேகத்தில்தான் நடக்கும். ஹட்டன், நோர்வூட், வட்டவளை போன்ற மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதை ஆண்டு நடுவிலேயே முடித்து, ஐப்பசி மழை ஓய்ந்ததும் டிசம்பர் கடைசியில் மண்ணைத் தொட்டு, பெப்ரவரியில் பெனலை இறக்கினால் ஏப்ரலுக்குள் கூரை மூடிவிடும். பதுளை, ஹாலிஎல, பசறைப் பக்கம் இது தலைகீழ். அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காலம். மார்ச்சில் பி.ஓ.கியூ கையில் இருக்க வேண்டும், மே மாதத்தில் அத்திவாரம். காற்று உரக்க வீசும் ஜூலையில், பாதி நிறுத்திய பெனல்களை இரவில் முட்டுக்கொடுக்காமல் விடக்கூடாது. அந்த முட்டுக் கம்புகளின் வாடகையையும் கொட்டேஷனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.